தலை கதவுப் பக்கம்

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். எங்கள் அத்தான் கம்பளிக் குல்லாயையும் முழங்கால் வரைக்கும் வரும் பூட்ஸையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பையைப் பார்ப்பார், அத்தானைப் பார்ப்பார், பிறகு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொள்வார். யாராவது துணிந்து கேட்டால், "ஐஸ்கட்டியைக் காப்பாத்துற வேலைங்க" என்பார் அத்தான். அதோடு பேச்சு முடிந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான்.

அவர் என் அக்காவைக் கட்டியவர். அவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில்தான் பதினோரு வருஷமாக நானும் தட்டச்சு செய்கிறேன். அங்கே அவருக்கு 'மைனஸ்' என்று பட்டப்பெயர். அவருடைய அறை எப்போதும் மைனஸ் முப்பத்தாறு டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால் வந்தது. வீட்டில் மச்சினி முறையில் நான் இன்னும் நாலு பெயர் வைத்திருக்கிறேன். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

அறைக்குள் இருப்பது வெறும் ஐஸ்கட்டி இல்லை. வடகோடியில் எங்கோ மைல் கணக்கில் கனத்த பனிமேடு ஒன்று இருக்கிறதாம். அதைத் துளைத்து, கரும்புக் கழி மாதிரி நீளநீளமாக எடுத்து, முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். வருஷா வருஷம் விழுந்த பனி ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி உண்டானது. மேலே இருப்பது பிந்திய வருஷம், கீழே இருப்பது முந்திய வருஷம். எங்கள் நிலையத்துக்கு வந்த பகுதி பனியுகத்தில் விழுந்தது. ஒரு தட்டுக்கு மூன்று துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில். ஒரு தட்டில் ஏறக்குறைய நூறு வருஷம் படுத்திருக்கிறது. அத்தான் ஒரே கையில் ஒரு நூற்றாண்டைத் தூக்கிக்கொண்டு போவார். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால் இடுப்புவலி வந்துவிடும்.

இந்த வேலையில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. துண்டைத் தலைகீழாக வைத்துவிடக் கூடாது. வைத்தால் பேரன் முன்னால் பிறந்து தாத்தா பின்னால் பிறந்ததாகக் கணக்கு வரும். பனிக்கட்டி உருகிப் போனாலாவது போனது தெரியும். தலைகீழாய்ப் போனால் யாருக்கும் தெரியாது. அது பாட்டுக்குக் கம்மென்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதற்கு அத்தான் ஒரு வழி வைத்திருந்தார். இங்கே வருவதற்கு முன்னால் அவர் மீன் குளிர்கிடங்கில் இருந்தவர். அங்கே மீனை அடுக்கும்போது தலை கதவைப் பார்த்துத்தான் இருக்கும். வாங்க வருகிறவன் கதவைத் திறந்ததும் கண் தெரிய வேண்டும். கண் தெளிவாக இருந்தால் பேரம் பேசமாட்டான். அதே பழக்கத்தை அத்தான் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். எந்தத் தட்டாக இருந்தாலும் துண்டின் மேல்நுனி, அதாவது தலை, கதவுப் பக்கம். உறைமேல் அம்புக்குறி போட்ட சீட்டு ஒட்டியிருக்கும், அது வேறு. ஆனால் சீட்டைப் படிக்காமலே இருட்டில்கூட அவரால் எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியும். "தலை கதவுப் பக்கம், மறந்தா உத்தியோகம் வெளிப்பக்கம்" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

அந்தப் பனிக்கட்டியை வைத்து ஆராய்ச்சி செய்கிறவரை நாங்கள் எல்லாரும் மேடம் என்போம். நல்ல மனுஷி. கோபம் வந்தால் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து, எனக்கே கொஞ்சம் விஷயம் ஏறிவிட்டது. பனியுகம் என்றால் ஒரேயடியாக உறைந்து கிடந்த காலம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நடுநடுவே அந்த வடகோடியில் பத்து டிகிரிக்கு மேல் சூடு ஏறியிருக்கிறது. அதுவும் ஒரு மனுஷனுடைய ஆயுசுக்குள்ளேயே. அப்புறம் நூற்றுக்கணக்கான வருஷம் மெல்ல மெல்ல ஆறி, கடைசியில் பொத்தென்று பழைய குளிருக்கே விழுந்துவிடும். இருபது தடவைக்கு மேல் இப்படி.

"யாரு மேடம் அடுப்பு மூட்டினது?" என்று அத்தான் ஒருநாள் கேட்டார்.

"அதுக்குத்தாண்ணா இத்தனை பேரு மண்டையை உடைச்சுக்கிறோம்" என்றார் மேடம். "சூட்டைத் தெற்கேயிருந்து வடக்கே சுமந்துட்டுப் போறது கடல் நீரோட்டம். பனிமலை உடைஞ்சு கடல்ல கரைஞ்சா நல்ல தண்ணி மேலாக மிதக்கும். உப்புத் தண்ணி கனத்து கீழே இறங்கணும், இறங்காது. நீரோட்டம் தளர்ந்துடும். கடல் மேல பனி மூடி போட்டுக்கும். ஆனா மூடிக்குக் கீழே சூடு கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துட்டே இருக்கும். ஒருநாள் மூடி திறந்துக்கும். அப்ப குப்புன்னு வெளியே வரும். இது ஒரு கட்சி. மூடியை முதல்ல தள்ளினது காத்தா, நீரோட்டமா, வேற எதுவுமான்னு இன்னும் சண்டை ஓயலை."

மேடம் அந்தச் சண்டையில் பெரிய வெடி ஒன்று வைத்திருந்தார். ஒரு குறிப்பிட்ட சூடேற்றத்துக்குச் சற்று முன்னால் அவருக்கு வேறொன்று அகப்பட்டிருந்தது. சூடு வந்திருக்கிறது, சில பத்து வருஷத்தில் திரும்பிப் போயிருக்கிறது, பிறகுதான் நிஜமாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் விருந்தாளி வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய், அரைமணி கழித்துப் பெட்டியோடு வருவது போல. அதற்கு மேடம் 'எட்டிப்பார்த்தல்' என்றே பெயர் வைத்தார். பெரிய மாற்றம் வருமுன் இயற்கை இப்படி ஒரு முன்னறிவிப்பு கொடுக்கும் என்றால் உலகத்துக்கே அது செய்திதான். இரண்டு வருஷமாக எழுதிய கட்டுரை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்புவதாக இருந்தது.

வியாழக்கிழமை கடைசிப் பக்கத்தைத் தட்டினேன். நன்றிப் பக்கம். அதில் அத்தானுடைய பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு! 'ஒரு துண்டுகூட இடம் மாறாமல், தலை மாறாமல் காத்த குளிர் அறைக் காப்பாளருக்கு' என்று போட்டிருந்தார் மேடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தையும், அதற்கு முன்னால் இருந்த வரைபடப் பக்கத்தையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு சாயங்காலம் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அத்தான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா நன்றிப் பக்கத்தைச் சத்தம் போட்டு வாசித்தாள். இரண்டாவது தடவை வாசித்தபோது ஜன்னல் பக்கமாகப் போய் நின்று வாசித்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டாமா? அத்தான் வெட்கத்தில் நெளிந்தார். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் மற்ற பக்கத்தை எடுத்துப் பார்த்தார். கீழே அச்சில் ஆழத்தின் மீட்டர் கணக்கு, மேலே ஏறி இறங்கும் கோடு.

பார்த்தார். கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் வெளிறிப்போய்விட்டது. பாதிச் சோறு அப்படியே இருக்க, தட்டிலேயே கையைக் கழுவிவிட்டார்.

"என்னங்க, சோத்துல கல்லா?" என்றாள் அக்கா.

"இது தட்டு இருநூத்துப் பதினேழு" என்றார் அத்தான்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். எட்டிப்பார்த்தல் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ, அங்கேதான் அந்தத் தட்டு தொடங்குகிறது. எங்கே முடிகிறதோ, அங்கேயே தட்டும் முடிகிறது. இம்மிகூடப் பிசகவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அது ஒரே நீளக் கோடு. எந்தத் தட்டு எந்த மீட்டரில் ஆரம்பிக்கிறது என்பது மனப்பாடமாக இருக்கிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

"ஒரு தட்டுக்குள்ள மட்டும் சூடு வந்துட்டுப் போகுமா? அதைத் திருப்பிப் போட்டுப் பாரு. கீழே குளிரு, மேலே சூடு. ஒரே ஏத்தம். எட்டியும் பாக்கலை, ஒண்ணும் பாக்கலை" என்றார். பிறகு மெதுவாக, "நான்தான் தலைகீழா வச்சிருக்கேன்" என்றார்.

எப்படி என்று அவரே சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் முதல் அறையின் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. அத்தான் தனி ஆளாக முந்நூறு தட்டுகளை நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டாம் அறைக்கு மாற்றினார். விரல் நுனி மூன்று நாள் மரத்துக் கிடந்தது. அதற்காக இயக்குநர் கையால் பாராட்டுப் பத்திரம்கூட வாங்கினார். ஆனால் இரண்டு அறைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிறவை. முதல் அறையில் கதவைப் பார்த்திருந்த தலை, தட்டைத் திருப்பாமல் நேரே கொண்டுபோய்த் தள்ளினால், இரண்டாம் அறையில் பின்சுவரைப் பார்த்து நிற்கும். மறுநாள் அத்தான் சீட்டில் இருந்த அம்பைப் பார்த்து ஒவ்வொரு தட்டாகத் திருப்பி வைத்தார். கதவோரம் இருந்த ஒரே ஒரு தட்டில் மட்டும் சீட்டுகள் உறைபனி பிடித்து உதிர்ந்திருந்தன. அதையும் திருப்பியாகிவிட்டது என்ற நினைப்பில், அதில் மட்டும் அவர் புதுச் சீட்டு எழுதி ஒட்டினார். எந்தப் பக்கம் தலை என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தலை கதவுப் பக்கம்தானே!

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது யானைக்கே ஆறு வருஷம் தெரியாமல் இருந்தால் என்ன சொல்வது?

நான் இப்போது சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லை. ஆனால் நடந்ததை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. போன வருஷம்தான் இரண்டு பெட்டி உருகிப்போனதற்காக இயக்குநர் ஓர் ஆளை வேலையிலிருந்தே தூக்கியிருந்தார். அத்தானுக்கு வேலை போனால் இந்த வயதில் எவன் கூப்பிடுவான்?

"அத்தான், வாயை மூடிட்டு இருங்க" என்றேன். "நாளைக்குக் கட்டுரை போகப்போகுது. உங்களைத் தவிர யாருக்கு இது தெரியும்? இருபதாயிரமோ முப்பதாயிரமோ, எத்தனையோ வருஷத்துக்கு முந்தின குளிரு. அது முன்னாலே வந்தா என்ன, பின்னாலே வந்தா என்ன?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "காலைல முதல் வேலையா போய்ச் சொல்லிடுங்க. இல்லேன்னா நீங்களும் தூங்கமாட்டீங்க, என்னையும் தூங்க விடமாட்டீங்க. வேலை போனா போகட்டும். நான் தைக்கிறேன், நீங்க பட்டனுக்குக் காஜா எடுங்க."

"எனக்குக் காஜா எடுக்க வராதே" என்றார் அத்தான், நிஜமான கவலையோடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மேடம் அறை வாசலில் அத்தான் நின்றார். பின்னால் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் உட்கார்ந்து தட்டச்சு செய்ய எனக்குக் கை ஓடினால்தானே? அத்தான் சுற்றி வளைக்கவில்லை. நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மேடம் பேனாவை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பாத்துடலாம் வாங்க" என்றார்.

எல்லாத் துண்டையும் நீளவாக்கில் அறுத்து, ஒரு பங்கை மட்டும் தொடாமல் வைத்திருப்பது அங்கே வழக்கம். 216, 217, 218, மூன்று தட்டின் மிச்சமும் இருந்தது. எனக்கும் ஒரு கோட்டு கொடுத்தார்கள். பதினோரு வருஷத்தில் அன்றுதான் அந்தக் கதவுக்குள் நுழைந்தேன். மூக்குக்குள் இருக்கும் முடிகூட விறைத்துக்கொள்ளும் குளிர். இந்த மனிதர் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் இதற்குள்ளா நிற்கிறார் என்று நினைத்ததும் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களை எல்லாம் மனசுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அத்தான் மூன்று தட்டையும் மேசைமேல் ஒரே வரிசையாக வைத்து, விளக்கை அணைத்து, கீழேயிருந்து டார்ச் அடித்தார். பனிக்கட்டிக்குள் வெண்மையான பட்டைகள் தெரிந்தன. பனியுகத்துக் காற்று கொண்டுவந்து போட்ட தூசி. பல பட்டைகள் நூல் மாதிரி இருந்தன. சில விரல் தடிமன். 216 முடிகிற இடத்தில் ஒரு தடித்த பட்டையை ரம்பம் நடுவில் அறுத்திருந்தது. மறுபாதி 217-இன் தொடக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே மெல்லிய நூல்கள்தான் இருந்தன.

"திருப்புங்கண்ணா" என்றார் மேடம்.

அத்தான் தட்டைத் தூக்கினார். மெல்ல அரைவட்டம் திருப்பி வைத்தார். பட்டையின் பாதி மறுபாதியோடு போய்ப் பொருந்தியது. அந்தப்புறம் 218-இலும் நூல்கள் ஒழுங்காக இணைந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மேடம் வெளியே போனார். நாங்களும் போனோம். நடைபாதையில் கிடந்த காலிப் பெட்டிமேல் கோட்டோடு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அத்தான், "மேடம், என்ன தண்டனையா இருந்தாலும்…" என்று ஆரம்பித்தார்.

மேடம் நிமிர்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணா!" என்றார். "ரெண்டு வருஷமா நான் படுற பாடு உங்களுக்குத் தெரியாது. மூடி ஒரு தடவை திறந்தா கீழே சேர்ந்த சூடு அத்தனையும் செலவாயிடும். மறுபடி சேர நூத்துக்கணக்கா வருஷம் ஆகும். அப்படியிருக்க, திறந்து, மூடி, நூறு வருஷத்துக்குள்ள மறுபடி எப்படித் திறக்கும்? சூடு எங்கேருந்து வரும்? எந்தக் கணக்குப் போட்டாலும் வரலை. வராததை வந்த மாதிரி நாற்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன். உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் அனுப்பியிருந்தா ஊரே கைகொட்டிச் சிரிச்சிருக்கும். மூடி ஒரே தடவைதான் திறந்திருக்கு. அவ்வளவுதான். வயித்துல பாலை வார்த்தீங்க."

அத்தானுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு நடைபாதைச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு மூலையில் நின்று, நேற்று அவரிடம் சொன்னதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப, வரப்போறது முன்கூட்டி நமக்குத் தெரியாதா மேடம்?" என்றார் அத்தான்.

"இந்தத் தட்டுல தெரியலை" என்றார் மேடம். "இல்லாததை இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்குறதுக்கு, தெரியலைன்னு தெரிஞ்சுக்கிறது மேல்."

கட்டுரை அன்று போகவில்லை. மேடமே அத்தானோடு போய் இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் பாராட்டுப் பத்திரம் கொடுத்த அதே கையால் மீசையைத் தடவிக்கொண்டு, இரண்டு அறைத் தரையிலும் ஒரே திசையைக் காட்டும் அம்புக்குறி வரையச் சொன்னார். வேலை போகவில்லை. அன்று சாயங்காலமே அத்தான் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு மண்டியிட்டு அம்பு வரைந்தார். கதவு எந்தப் பக்கம் இருந்தால் என்ன, இனி தலைக்கு ஒரே திசைதான். மீன் கிடங்குப் பாடத்தை அதோடு மூட்டை கட்டிவிட்டார்.

நாலு மாதத்தில் மேடம் கட்டுரையைத் திருப்பி எழுதினார். இந்த முறை கணக்கு நேராக வந்தது. நன்றிப் பக்கத்தை அவர் சொல்ல, நான் தட்டினேன்: 'தட்டு 217 தலைகீழாக இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்ன குளிர் அறைக் காப்பாளருக்கு.' முதலெழுத்தோடு அதே பெயர்தான்.

நகலை எடுத்துக்கொண்டு மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். மறுபடியும் அத்தான் சாப்பாட்டில் இருந்தார். விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முகம் மலரவில்லை.

"இதுல பாதிதான் இருக்கு" என்றார். "வச்சது யாருன்னு இல்லையே. படிக்கிறவன் வேற எவனோ வச்சதை நான் கண்டுபிடிச்சேன்னு நினைப்பான். மேடம்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லு."

"உங்களுக்குப் பைத்தியமா அத்தான்? உங்க தப்பை நீங்களே அச்சுல போட்டுக்குவீங்களா?"

"சொல்லு" என்றார்.

சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. "அவர் சொல்றபடியே அடிங்க" என்றார். அப்படியே அச்சிலும் வந்தது: 'தட்டு 217-ஐத் தலைகீழாக வைத்தவரும், வைத்ததைக் கண்டுபிடித்து முன்வந்து சொன்னவருமான எங்கள் குளிர் அறைக் காப்பாளருக்கு.'

கட்டுரை அச்சான இதழ் வந்த அன்று அக்கா அதை ஜன்னல் பக்கம் நின்று முன்னைவிடச் சத்தமாக வாசித்தாள், 'வைத்தவரும்' என்பதில்கூடக் குரலைத் தாழ்த்தாமல். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"இப்ப சரி" என்றார். பிறகு தட்டை அக்கா பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.